வலிக்காத கம்பி

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். எந்த மனுவுக்கு எந்த இணைப்பு என்று தூக்கத்திலும் சொல்வேன். சர்க்கரையால் பாதங்கள் எரியத் தொடங்கியபோது வைத்தியத்தையும் நானே முடிவு செய்தேன். ஓடைப்பட்டியில் உள்ள எங்கள் திராட்சைத் தோட்டத்தில், தண்ணீர் பாய்ந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பேன். குளுகுளுவென்று இருக்கும்.

ஒரு காலையில், பழம் வெட்ட வந்திருந்த பேச்சியம்மாள் என் பின்னாலிருந்து கத்தினார்.

"அய்யா, அங்கனயே நில்லுங்க! நீங்க நடந்த தடமெல்லாம் ரத்தம்."

பந்தல் கட்டிய கம்பியின் துண்டு ஒன்று கட்டைவிரலுக்கு அடியில் ஏறியிருந்தது.

"வலிக்கவே இல்லையேம்மா. சும்மா கீறலாத்தான் இருக்கும்" என்றேன்.

"வலிக்கலங்கிறதுதான்யா பயமே. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சொன்னாக. கடைசியில விரல எடுத்துப்புட்டாக. பேசாம வண்டியில ஏறுங்க."

கம்பியைப் பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, தன் தலைத்துண்டால் காலைக் கட்டி, தன் ஸ்கூட்டரிலேயே சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். எரிகிற காலிலேயே உணர்ச்சி மங்கியும் போகும் என்று டாக்டர் படம் வரைந்து விளக்கினார். பேச்சியம்மாள் அதை ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தார். என் விரல் தப்பியது.

இப்போது செருப்பில்லாமல் வாசல்கூடத் தாண்டுவதில்லை. குளித்ததும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். அது போதாது போலும். தோட்டத்துக்குப் போனால் பேச்சியம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "கால காட்டுங்கய்யா" என்கிறார். பந்தலின் கல்தூணைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறேன்.