பந்து இறங்கும்போது தொடக் கூடாது

விசிலு மாமா…

உங்கள் சாம்பல் நிறச் சட்டையின் வாசம் இன்னும் என் மூக்கிலேயே நிற்கிறது. வேர்வை, கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள், கொஞ்சம் தைலம்… எத்தனை தரம் அலசினாலும் போகாது.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குப் பகலில் ரெட்டியார்சத்திரத்தில் உரக்கடை வேலை. சாயங்காலமும் லீவு நாளும் பேஸ்கட்பால் மேட்சில் ரெஃப்ரி. அதனால் வீட்டில் அவர் விசிலு மாமா. போன தவக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அஞ்சாவதுதான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த விளையாட்டைக் கண்டாலே ஆகாது. விளையாட்டைக்கூட இல்லை… லில்லி டீச்சரைக் கண்டால்.

மேட்சுக்கு ரெண்டு ரெஃப்ரி வேண்டும். ஒருத்தர் இவர், இன்னொருத்தர் லில்லி டீச்சர். பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஒருத்தரை ஒருத்தர் "பார்ட்னர்" என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய்த்தது "ஏ புள்ள".

மைதானத்தில் ரெண்டு பேரும் வாய் திறக்காமலே பேசிக்கொள்வார்கள். இவர் ஒரு விரலை அசைத்தால் போதும், டீச்சருக்குப் புரிந்துவிடும். வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினால்தான் இவர் திரும்புவார்.

ஒரு கிறிஸ்மஸ் லீவில் டவுனில் டோர்னமெண்ட். வெளியூர் டீம், எல்லாம் பனை மரம் மாதிரிப் பையன்கள். ஃபைனல் முடியப்போகிற நேரம். ஒருத்தன் எறிந்த பந்து வளையத்தைப் பார்த்து வர, எதிர் டீம் பையன் எகிறி அந்தரத்திலேயே தட்டிவிட்டான். ஜனம் கை தட்டுகிறது. இவர் விசில் ஊதி, பந்து கூடைக்குள் விழுந்ததாகக் கணக்கு என்று ரெண்டு விரலைக் காட்டினார். அவ்வளவுதான், ஒரே சண்டை.

மறுநாள் காலையில் டீச்சர் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பார்ட்னர், பந்து இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"இல்ல பார்ட்னர், எறங்கிருச்சு."

"ஏறிக்கிட்டு இருந்துச்சுங்குறேன்."

"எறங்கிருச்சுங்குறேன்ல!"

டீ ஆறியது. சுட வைத்துக் கொடுத்தேன். அதுவும் ஆறியது. ஏறுச்சாம், எறங்குச்சாம்… நடுவில் சிரிப்பு வேறு. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஒரு வார்த்தை புரியாத பேச்சு. வயிறு எரிந்தது.

டீச்சர் போனதும் கேட்டேன். "அம்புட்டு நேரம் அந்தம்மா என்னத்தப் பேசுச்சு?"

"ரூல்ஸு. ஒனக்கு எதுக்கு?"

"ஏன், எனக்குச் சொன்னா தேஞ்சு போயிருமா?"

இவர் எழுந்து அடுப்படிக் கொக்கியில் தொங்கிய வெங்காயக் கூடையைக் கொட்டிக் காலி பண்ணி, திரும்ப மாட்டினார். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டார்.

"இந்தா பாரு. பந்து ஏறும்போது யாரு வேணாலும் தட்டலாம். உச்சிக்குப் போயித் திரும்பிருச்சுன்னு வையி, வளையத்துக்கு மேல வச்சு அதை எவனும் தொடக் கூடாது. எதிராளி தொட்டா விழுந்ததாவே பாயிண்டு. சொந்த ஆளு தொட்டா பாயிண்டே கெடையாது. இதான் கோல்டெண்டிங்."

"வளையத்துல பட்டுருச்சுன்னா?"

"பட்டுருச்சுன்னா பந்தைத் தட்டிக்கலாம். ஆனா பந்து வளையத்து மேல உருளும்போது வளையம், வலை, பலகை எதுலயும் கை படக் கூடாது. அது வேற தப்பு, இன்டர்ஃபியரன்ஸு. அமெரிக்காக்காரன் ஆட்டத்துல அந்தப் பந்தையும் தொடக் கூடாது. நம்ம பயலுக அதைப் போன்ல பாத்துட்டு வந்து எங்கிட்ட மல்லுக்கு நிக்கிறானுக."

"ரெண்டு ரெஃப்ரியில பந்தைப் பாக்குறது யாரு?"

"தள்ளி நிக்கிறவரு. வளையத்துக்குக் கீழ நிக்கிறவரு ஆளுகளைத்தான் பாக்கணும், இடிக்கிறானா தள்ளுறானான்னு."

"நேத்து கீழ நின்னது?"

"டீச்சரு."

"அப்ப அந்தம்மாவுக்கு மேல என்ன பார்வை?"

இவர் சிரித்த சிரிப்பில் எலுமிச்சம்பழம் கையை விட்டு அடுப்புக்கு அடியில் உருண்டது. டீச்சரிடம்கூட இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

அதற்கப்புறம் நானும் மேட்சுக்குப் போனேன். ஒரு தரமாவது இவர் நான் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்புவாரா என்று பார்ப்பேன். மாட்டார். கண் அந்த இரும்பு வளையத்திலேயே இருக்கும். ஒரு இரும்பைப் பார்த்தும் பொறாமைப்பட்டவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மனசு கேட்காமல் அதே மைதானத்துக்குப் போனேன். இப்போது ஆளாளுக்குப் போனில் படம் பிடிக்கிறார்கள். விசில் ஊதியதும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாருங்க சார், பாருங்க" என்று ரெஃப்ரி மூஞ்சிக்கு நேராக நீட்டுகிறார்கள். அப்போதெல்லாம் இவர் கண் சொன்னதுதான் தீர்ப்பு. எவ்வளவு கத்தினாலும் கடைசியில் ஒத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஆட்டம் முடிந்ததும் லில்லி டீச்சர் நேராக என்னிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, தாடிக்கொம்பு, கொடைரோடுன்னு மேட்சுக்குப் போவோம்ல… பஸ்ஸுல சார் வேற பேச்சே பேச மாட்டாரு. ஒங்களைப் பத்தியேதான். கேட்டுக் கேட்டு எனக்கே ஒங்க மேல பொறாமையா இருக்கும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார், தெரியும். ஆனால் எனக்கு ஆறவில்லையே! என்னைப் பற்றிய பேச்சு… அதையும் டீச்சர்தானே கேட்டிருக்கிறார்? என் காதில் ஒரு சொல் விழவில்லையே.

என்ன சொன்னார் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. டீச்சர் வாயால் கேட்டுவிட்டால் அது டீச்சர் சொன்னதாகிவிடும். "வாரேன் டீச்சர்" என்று வந்துவிட்டேன்.

மாமா… அந்த பஸ்ஸில் உட்கார்ந்து என்னைப் பற்றி என்னதான் சொன்னீங்க?