விண்ணப்பத்தோடு வைத்த நான்கு பொட்டலங்கள்

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கொள்முதல் பார்த்துவந்தேன். இடையில் தபால் வழியில் எம்.காம். முடித்தும் ஆசை அடங்கவில்லை. ஒரே தோட்டத்துக் காய்க்கு மலையடிவாரக் குரங்கணியில் ஒரு விலை, ஏல மண்டபத்தில் வேறு விலை. வாங்குகிறவரின் கண்ணும் விரலும் அதை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதைப் பற்றி வணிக நிர்வாகத்தில் பிஎச்.டி. செய்ய நினைத்தேன்.

"இத்தனை நாளு காயைக் கடிச்சுப் பாத்தாரு, இனிமே காகிதத்தைக் கடிக்கப் போறாராம்" என்று சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தைத்தவர்கள் சிரித்தார்கள்.

இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் எழுதினேன். ஒன்று, வயது அதிகம் என்று திரும்பி வந்தது. மிச்சமிருந்தது மதுரைப் பல்கலைக்கழகம். அடித்து அடித்து எழுதியதில் கடைசி நாள் வந்துவிட்டது. மதுரை விடுதியில் தங்கிப் படித்த என் மகள் அன்று காலைதான் விடுமுறை முடிந்து கிளம்பினாள். பேராசிரியரிடம் நேரில் கொடுக்கச் சொல்லி அவளிடமே உறையைக் கொடுத்தேன்.

உறைக்குள் நான்கு பொட்டலங்களும் வைத்திருந்தேன். பெரிய காய், நடுத்தரம், சிறிது, வாய் பிளந்தது. எங்கள் தொழிலில் சாம்பிள் இல்லாமல் யாரும் வாய் திறப்பதில்லை. ஏலத்தின்போது தட்டில் காய் சுற்றி வரும். எடுத்து, உரித்து, முகர்ந்து, தரையில் போட்டுவிட்டுத்தான் வாங்குகிறவர்கள் விலை சொல்வார்கள். சாயங்காலம் மண்டபத் தரையே பச்சையாகக் கிடக்கும். அது ஒருவருக்குக் கொடுக்கும் பொருளாகத் தோன்றும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பதினோரு மணிக்குக் கம்பெனிக்குப் போன் வந்தது.

"அப்பா, அவுக வாங்கலப்பா. ஏலக்காய் குடுத்து சீட்டு வாங்கப் பாக்குறாரா உங்கப்பான்னு கேட்டாக."

"யாரு ஆத்தா?"

"பேராசிரியர்தான். உறையைப் பிரிச்சதும் பொட்டலம் அவுந்து எல்லாம் கொட்டிப்போச்சு. நாலஞ்சு பேரு பாத்துக்கிட்டே இருந்தாக. நான்தான் கீழ உக்காந்து பொறுக்குனேன்."

"அங்கேயே இரு. வெரசா வர்றேன்."

பஸ்ஸில் விண்ணப்பத்தின் நினைவே வரவில்லை. அந்நியர்களின் காலடியில் என் பிள்ளை குனிந்து பொறுக்குவதுதான் கண்ணில் நின்றது. என் அவசரத்துக்கு அவளை அனுப்பினேனே என்று நொந்துகொண்டேன்.

பல்கலைக்கழக அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நான்கு பொட்டலங்கள்.

"கலந்துபோச்சுப்பா. தரம் பாத்துப் பிரிச்சு வச்சுட்டேன்" என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். ஒரு காய்கூட இடம் மாறியிருக்கவில்லை.

பேராசிரியரின் அறையில் எனக்குப் பேச்சு வரவில்லை. "சாம்பிள் சார், சாம்பிள்" என்பதற்கு மேல் நாக்கு எழவில்லை. மகள் முன்னால் போனாள். மேசையில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு காயை உரித்தாள், முகர்ந்தாள், அவர் கண்ணெதிரே தரையில் போட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"எங்க ஊர்ல இதைக் கீழ போட்டுட்டுத்தான் சார் விலை சொல்லுவாக. லஞ்சம்னா யாராச்சும் கீழ போடுவாகளா?"

அவர் தரையில் கிடந்த காயைப் பார்த்தார். பிறகு தானும் ஒரு காயை எடுத்து உரித்தார். எங்கே போடுவது என்று தயங்கியவர், மெதுவாகத் தரையில் விட்டார்.

"இதுல எது ஒசத்தி?" என்று என்னைக் கேட்டார்.

அதற்கு எனக்குப் பேச்சு வந்தது. மணி ஐந்தாகும்வரை பேசினேன். விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தச் சொன்னார். "பொட்டலத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். காலையில் பேசியதற்கு வருத்தம் எதுவும் சொல்லவில்லை. அந்த வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அவரிடமே சேர்ந்தேன். இன்றும் ஓர் உறையை ஒட்டுவதற்கு முன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறேன்.

அன்று கிளம்பும்போது, தரையில் கிடந்த காய்களை எடுக்க மகள் குனிந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு ஆத்தா. கீழ போட்டதை நம்ம ஊர்ல யாரும் எடுக்க மாட்டாக."