திறக்க வேண்டிய பெட்டி

ஷேக் பரீத் மஸ்கட்டுக்கு விமானம் ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி ஷமீமாவிடம் தன் முடிவைச் சொன்னார். மும்பை தாராவியில் அவர்கள் இருந்த வாடகை அறைக்கு அக்ரிமென்ட் பதினொரு மாதம். அதற்குள் ஷமீமாவின் சோப்பு வியாபாரம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அறையைக் காலிசெய்துவிட்டு நவி மும்பை ஐரோலியில் இருக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஐரோலி என்றால் என்னவென்று ஷமீமாவுக்குத் தெரியும். அங்கே அவள் எத்தனை வருஷம் இருந்தாலும் விருந்தாளிதான். சோப்புக்கு வேண்டிய காஸ்டிக் சோடா அந்த வாசலைத் தாண்டாது.

சோப்பு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. வடிவம்தான் தகராறு. ஐஸ்கிரீம் டப்பாவிலும் பால் பாக்கெட்டிலும் ஊற்றியதில் ஒன்று தடியாக இருக்கும், ஒன்று கோணலாக இருக்கும். செம்பூரில் பார்லர் வைத்திருக்கும் ரஞ்சனா மணத்தைப் புகழ்ந்துவிட்டு, எல்லாம் ஒரே அளவில் இருந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அதற்கு மர அச்சு வேண்டும். ரம்பமும் சுத்தியலும் உளியும் பரீத் விட்டுப்போனபடி பரண்மேல் இருந்தன.

இருபத்திரண்டு வருஷம் கார்கானாவில் மரப்பெட்டி அடித்தவர் அவர். கப்பலில் போகும் மெஷின்களுக்கான பெட்டிகள். கிரேனிலிருந்து விழுந்தாலும் வாய் பிளக்காது என்பார். வீடியோ காலில் உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்தார்: மூலைக்குப் பசை தாராளமாக வேண்டும், ஆணியைச் சாய்த்து அடிக்க வேண்டும், இடுக்கே இருக்கக் கூடாது. அப்படியே செய்தாள். பெட்டி கல்லுமாதிரி நின்றது. உள்ளே எண்ணெய் தடவி, சோப்பை ஊற்றி, துண்டால் போர்த்தி வைத்தாள்.

மறுநாள் சோப்பு வெளியே வரவில்லை. கவிழ்த்துத் தட்டினாள். கத்தியை விட்டு நெம்பினாள். கடைசியில் உளியை வைத்து அடித்தாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, உள்ள யாரப் போட்டு அடைச்சு வச்சிருக்க?"

பலகை பிளந்தபோது சோப்பும் சேர்ந்து நொறுங்கியது.

துண்டுகளைப் பொறுக்கும்போது ஷமீமாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லையே. தான் அடித்த பெட்டி ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை. வேறொரு துறைமுகத்தில், முகம் தெரியாத ஒருவன் கடப்பாரையால் உடைப்பான். மூடுவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

அடுத்த பெட்டிக்குப் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. அடிப்பலகை தனி, பக்கங்கள் தனி. எல்லாவற்றையும் நீளமான போல்ட்டுகள் சேர்த்துப் பிடித்தன. நட்டுகளை விரலாலேயே கழற்றிவிடலாம். உள்ளே பட்டர் பேப்பரை மடித்து விரித்தாள். போனில் காட்டியதும் பரீத்தின் முகம் சுருங்கியது.

"என்ன பெட்டி இது? ஒழுகும்லா."

"சோப்புக் கூழு கொஞ்சம் கெட்டியானப்புறம்தான் ஊத்துதேன், பேப்பர் வேற இருக்கு. மச்சான், உங்க பெட்டி தொறக்கக் கூடாது. என் பெட்டி நாளைக்கே தொறக்கணும்."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ஒரு மூலையில் கொஞ்சம் ஒழுகத்தான் செய்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் நட்டுகளைக் கழற்றியதும் பக்கங்கள் விலகின. சோப்பு ஒரே பாளமாக நின்றது. அளந்து வெட்டி, நாலு வாரம் காயவைத்து, செம்பூருக்குக் கொண்டுபோனாள். ரஞ்சனா இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். ரம்ஜானுக்குள் அதேமாதிரி இன்னொரு பெட்டியும் தயாரானது.

பரீத் பேசும்போதெல்லாம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார், மழையைப் பற்றிக் கேட்பார். பெட்டியைப் பற்றிக் கேட்டதில்லை. ஐரோலியைப் பற்றி அவளும் கேட்கவில்லை. அவளுக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து வைத்திருப்பதாக ஐரோலி அண்ணி மட்டும் ஒருமுறை போனில் சொன்னாள்.

பத்தாவது மாதம், வெறும் பையோடு செம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது வாய்ஸ் மெசேஜ் வந்தது. இரைச்சலில் காதோடு அழுத்திக் கேட்டாள்.

"ஷமீமா, அண்ணன்ட்ட சொல்லிட்டேன், நீ வரலேன்னு. ரூம் அக்ரிமென்ட்ட இந்தத் தடவ உன் பேர்ல போடச் சொல்லு. என் பேரு வேண்டாம்."