எதிர்வெயிலில் விழுந்த உருவம்

எதிர்வெயிலில் ஆளைக் கறுப்பாக எடுப்பது பெரிய வித்தையா என்று கேட்பார்கள். வித்தைதான் சாமி! கேமராவைத் தாழ்த்தணும், தலைக்குப் பின்னால் வானம் மட்டும் இருக்கணும், ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியணும். ஒட்டி நின்றால் எல்லாரும் வைக்கோல் போர் மாதிரி ஒன்றாகிவிடுவார்கள். என் கையில் உருப்படியாக விழுந்த ஒரே சில்ஹவுட், அதாவது இந்த மாதிரி கறுப்பு உருவப் படம், பயத்தில் உதறிக்கொண்டு எடுத்தது.

அப்போது திருவிடைமருதூரில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். குத்தகைத் தகராறு ஊருக்கு ஊர் புகைந்துகொண்டிருந்த காலம். ஒரு மிராசுதார் வெளியேற்றிய குத்தகைக்காரர்கள், “நட்டது நாங்க, அறுக்கிறதும் நாங்கதான்” என்று சம்பா வயலில் இறங்கிவிட்டார்கள். போலீசுக்குக் காட்ட அவர்கள் முகம் வேணுமாம். மிராசுதாரின் காரியஸ்தர் என்னைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏது தைரியம்?

காரியஸ்தர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். “நீங்க போங்க தம்பி. ஒருத்தர் விடாம அடையாளம் தெரியணும்.”

முகம் விழுந்தால் அத்தனை பேரும் ஜெயிலுக்கு. அவர்கள் என்னைப் பார்த்துவிட்டால் அரிவாள் என் கழுத்துக்கு. சூரியன் இறங்குகிற மேற்கில் அவர்கள், கிழக்கே நான். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் முகம் கிடைக்கும். போகவில்லை. தண்ணீர் வற்றிய வாய்க்காலுக்குள் குந்திக்கொண்டு கேமராவை நீட்டினேன். யாரோ சத்தம் கொடுக்க, எல்லாரும் நிமிர்ந்து ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பினார்கள். அமுக்கினேன், எடுத்தேன் ஓட்டம்.

மறுநாள் காரியஸ்தர் ஸ்டுடியோவுக்கு வந்தார். படத்தை எடுத்து நீட்டினேன்.

“என்னய்யா இது, எல்லாம் கரிக்கட்டையா இருக்கு? மொகம் எங்க?”

“எதிர்வெயிலுங்க ஐயா.”

அவர் படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஓரத்தில் ஒல்லியாக ஓர் உருவம், இடது கையால் பின்கழுத்தைப் பிடித்தபடி நின்றது. அதன்மேல் விரலை வைத்தவர் எடுக்கவேயில்லை.

“கும்பகோணத்துல காலேஜ்ல இருக்கான்னுல்ல நெனச்சிட்டிருக்கேன்,” என்றார். “எம் பையன், தம்பி. நடக்கக் கத்துக்கிட்டதுலேர்ந்து இப்படித்தான் நிப்பான்.”

நானும் ஜன்னல் பக்கம் போய்ப் படத்தைக் குனிந்து பார்த்தேன்.

“மிராசுதார் பாத்தா அவருக்கு அடையாளம் தெரியுமா? அவர் வீட்டு முற்றத்துல வளந்த புள்ள.”

மறுபடி பார்த்தேன். தலை, தோள், முழங்கை எல்லாம் வெட்டிவைத்தது போலச் சுத்தமாக விழுந்திருந்தது.

“தெரியுங்க,” என்றேன்.

வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம். மிராசுதாரும் கூடவே வந்திருக்கிறார்! காரியஸ்தர் படத்தைக் கிழித்து வேட்டி மடியில் செருகினார். “படமே விழலைன்னு சொல்லுங்க தம்பி, கால்ல விழறேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிராசுதார் உள்ளே வந்து கேட்டார். படம் விழவில்லை என்றேன்.

“ஒரு படம் எடுக்க வக்கில்லையாடா உனக்கு?” என்று என்னைப் பளாரென்று அறைந்தவர் காரியஸ்தர்தான்.