அப்பாவுக்கு வாய்த்த பாட்டு

பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன நான்காவது மாதம், அப்பா டிவியோடு சேர்ந்து ஒரு வரி பாடினார். என் மகள் தினமும் பார்க்கும் சிறுவர் தொடர் அது. ஐந்து பள்ளிக்கூடப் பெண்கள் இசைக்குழு நடத்துவார்கள்; முடிவில் துள்ளிக் குதித்து எப்போதும் அதே பாட்டைப் பாடுவார்கள். 'நாளைக்கு நாம ஜெயிப்போம்' என்று வரும் இடத்தில் அப்பாவின் குரலும் வந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. சமையலறையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. நான் சிறுமியாக இருந்தபோது ரேடியோவில் பாட்டு கொஞ்சம் சத்தமாக வைத்தாலே பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அவருக்கு வாய்த்தது இந்தப் பாட்டு.

அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணியிடம் சொன்னேன். சிலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு மிஞ்சும் என்றார். அப்பாவுக்குத் தேவையான வார்த்தைகளை அந்த மெட்டிலேயே பாடிப் பழக்கச் சொன்னார். அப்படித்தான் தண்ணி, காபி, பாத்ரூம் எல்லாம் அந்தப் பெண்களின் மெட்டுக்குள் வந்து சேர்ந்தன. காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம். போனில் பாட்டைப் போட்டு, அவருடைய இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டியபடி நான் பாட வேண்டும். எனக்குக் குரல் சுமார்தான். பௌர்ணமி அன்று கிரிவலத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றும் வேங்கிக்காலில் ஆபீஸ் முடிந்து, அந்தக் கூட்டத்துக்குள் நடந்தே வீடு வந்து சேர்ந்து, செருப்பைக் கழற்றியதும் 'தண்ணி வேணும்' என்று துள்ளலாகப் பாடுவேன். ஆபீசில் கோப்பு புரட்டும்போதுகூட அது வாயில் வந்துவிடும். சந்தோஷமாக இருக்கிறேன் என்று பக்கத்து மேஜைக்காரர் நினைத்துக்கொண்டார்.

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அந்தத் தொடரைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் நாங்கள் பாடிக்கொண்டிருக்கையில் அறைக்கதவைச் சாத்தப் போனவள் நின்று சொன்னாள்.

"அது என் பாட்டும்மா. இப்ப அதக் கேட்டாலே பாத்ரூம்தான் ஞாபகம் வருது."

அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெம்பில்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. ஆறேழு வார்த்தைகள் வந்தன, எல்லாமே மெட்டோடுதான். போன மாதம் ஒரு சாயங்காலம் வழக்கம்போலப் பாட்டைப் போட்டுக் கையைப் பிடித்தேன். அப்பா கையை இழுத்துக்கொண்டார். வலிக்கிறதோ என்று பார்த்தேன்.

"போதும்மா," என்றார்.

அதில் மெட்டு இல்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று, "என்னப்பா?" என்றேன்.

"போதும். இந்த..." அடுத்த சொல்லுக்கு வெகுநேரம் தடுமாறினார். "பாட்டு."

எனக்குச் சலித்துப்போனதை மட்டும்தான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். போனை அணைத்தேன். மகளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் சுவரில் சாய்ந்து அவர் பக்கத்தில் உட்காரத்தான் முடிந்தது.

மறுநாள் போனில் சொன்னபோது பயிற்சி கொடுக்கும் பெண்மணிக்கு ஒரே சந்தோஷம். இனி மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம் என்றார். இப்போது அப்பா வெறும் பேச்சாகவே கேட்கிறார். சில நாள் காபி என்பதற்குப் பதில் குடை என்று வரும். அது தப்பு என்று அவருக்கே தெரியும், தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி தேடுவார். பாடிய காலத்தைவிட இதற்கு நேரம் ஜாஸ்தி ஆகிறது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.