பாதிப் படம் பார்த்தவர்

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் அவர் இருபத்தாறு வருடமாக மெக்கானிக். கூட வேலை பார்த்தவர்கள் அவரை மறுபடியார் என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. ஒரு கட்டடத்தில் வேலையை முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிடுவார். அங்கே கால் தயங்கும். "மறுபடி ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று திரும்பி நடப்பார். அவருடன் வரும் வயர்மேன் இதற்கென்றே செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மறுபடியார் மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு மாடியிலும் கதவை உலுக்கிப் பார்த்து இறங்கி வருவதற்குள் வயர்மேனுக்கு இடமிருந்து வலம் முடிந்துவிடும்.

வீட்டிலும் இதே கதைதான். காலையில் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகும். கேஸ் வால்வு, குளியலறைக் குழாய், இஸ்திரிப் பெட்டியின் பிளக், பின்கதவு எல்லாம் பார்த்த பிறகு முன்கதவு. பூட்டிவிட்டு மூன்று முறை இழுப்பார். வாசற்படி இறங்கியதும் கேஸ் வால்வு ஞாபகம் வரும். திரும்பவும் திறந்துகொண்டு உள்ளே போவார்.

பிறக்கும்போதே அவர் இப்படி இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆறுமாடி அலுவலகத்தில் வேலை முடித்துத் திரும்பும்போது, நான்காவது மாடிக் கதவின் பூட்டு விழுந்ததா என்று சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது. விழுந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். தரைத்தளத்துக்கு வந்தபோது மேலே ஒரு பெண் அலறினாள். பிறகு சத்தம். தரை துடைக்கும் அம்மாள் லிஃப்ட் வந்துவிட்டது என்று கதவைத் திறந்து, வாளியை முன்னால் நீட்டிக் கால் வைக்கப் போயிருந்தார். அங்கே லிஃப்ட் இல்லை. எப்படியோ கதவுச் சட்டத்தைப் பிடித்துப் பின்னால் சாய்ந்துவிட்டார். வாளி மட்டும் நான்கு மாடி உயரத்திலிருந்து தண்ணீரோடு பள்ளத்தில் விழுந்தது.

விழுந்தது ஒரு வாளிதான். அலுவலகத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியார் மட்டும் அந்தச் சத்தத்தைக் காதை விட்டு இறக்கி வைக்கவே இல்லை. அதை அவர் சொன்ன ஒரே ஆள் மனைவி.

மனைவிக்கு ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை. வலியோடு வந்து, உட்கார முடியாமல் உலாத்துகிற ஆட்களை நாளெல்லாம் உட்கார வைப்பதுதான் அவள் தொழில். வீட்டிலும் அப்படி ஒருவர் என்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. பழக்கம் வேறு, பொறுமை வேறு என்பது மறுபடியாருக்குத் தெரியாமல் போயிற்று.

மாடி அறையில் ஒரு பெண் ஒன்றேகால் வருடம் குடியிருந்தாள். ஏதோ எழுதுகிறாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி மறுபடியாருக்கு வேறொன்றும் தெரியாது. மனைவியும் அவளும் சாயங்காலத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசுவார்கள். பிறகு அவள் காலி செய்துகொண்டு போனாள். நான்கு வருடம் கழித்து ஒரு கவர் வந்தது. உள்ளே விழா முழுவதற்குமான இரண்டு அனுமதிச் சீட்டுகளும் ஒரு கடிதமும். வட்டாரத் திரைப்பட விழாவில் திரையிடும் பதினான்கு முழுநீளப் படங்களில் ஒன்று அவள் எடுத்தது. முதல் நாள் மதியம் ஒரு காட்சி, மூன்றாம் நாள் காலை ஒரு காட்சி. "அண்ணாவும் அக்காவும் கண்டிப்பா பார்க்கணும். நான் கடைசி நாள்தான் வருவேன்" என்று எழுதியிருந்தாள்.

"நம்ம மாடிப் பொண்ணு சினிமா எடுத்திருக்கா!" என்று மறுபடியார் பெருமையாக வயர்மேனிடம் சொன்னார். வயர்மேன் தன் மனைவிக்கு ஒரு சீட்டு வாங்கினார்.

முதல் நாள் மதியம் அரங்கு நிறைந்திருந்தது. மறுபடியாருக்கு வரிசையின் நட்டநடுவில் இடம். உட்கார்ந்ததுமே பின்கதவு ஞாபகம் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். விளக்கு அணைந்தது. திரையில் ஓர் ஆள் முதுகு காட்டி நின்று ஒரு கதவைப் பூட்டினார். ஒருமுறை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார். மூன்றாவது முறை இழுத்ததும் அரங்கில் சிரிப்பு. அந்த ஆள் படியிறங்கி, கேட் வரை போய் நின்று, "மறுபடி ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்.

இன்னும் பெரிய சிரிப்பு. பக்கத்தில் மனைவியும் சிரித்தாள்.

மறுபடியாருக்குக் காது சூடானது. மாடிப் பெண் மாற்றியிருந்தது மீசை ஒன்றைத்தான். அதே கேஸ் வால்வு, அதே இஸ்திரிப் பெட்டி. அந்த ஆளும் லிஃப்ட் மெக்கானிக்தான்.

"இது நான்தானே?" என்று மனைவியிடம் குனிந்து கேட்டார்.

"படத்தைப் பாருங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மறுபடியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் அந்த ஆள் குளியலறைக் குழாயைத் திருகும்போதெல்லாம் இங்கே இவர் விரல்கள் நாற்காலிக் கையைத் திருகின. நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தார். அதற்கு மேல் முள்ளின் மேல் இருப்பது போல ஆகிவிட, பத்துப் பேர் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

கதவருகே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். "சார், வெளியே வந்துட்டா உங்க இடம் வரிசையில நிக்கிறவங்களுக்குப் போயிடும். திரும்ப உள்ள விட முடியாது."

"எனக்கு வேணாம்மா."

வேண்டாம் என்று சொன்னவர் வீட்டுக்குப் போகவில்லை. கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பதினான்கு படங்களின் சுவரொட்டிகளையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் முன் நின்று, கதவு ஒரு நொடி தாமதமாக மூடுவதைக் கண்டுபிடித்து, காவலாளியிடம் சொன்னார். உள்ளே இரண்டு முறை சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சிரிப்பை விட இதுதான் அவரைக் கூடுதலாகப் பிடுங்கித் தின்றது.

கதவு திறந்து எல்லோரும் வந்தார்கள். யாரும் சிரித்துக்கொண்டு வரவில்லை. மனைவி கடைசியில் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"எனக்கா?"

"அந்த ஆளுக்கு."

அவள் பைக்குள் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டாள். "நாளன்னைக்குக் காலைல மறுபடி போடறாங்க. போய்ப் பாருங்க."

அந்த இரண்டு நாளும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தார், படுத்தால் புரண்டார். மனைவியிடம் வாயைக் கிளறிப் பார்த்தார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. வயர்மேனைக் கேட்டார்.

"என் சம்சாரம் பார்த்துட்டு வந்தா. அந்த ஆள் அப்படியே எங்க சின்ன மாமனாராம்" என்றார் வயர்மேன்.

"உங்க சின்ன மாமனாரா?"

"ஆமா. கூட வந்த பக்கத்து வீட்டம்மா, இல்லல்ல, அது எங்க அண்ணன்தான்னு சண்டைக்கு வந்துட்டாங்களாம்."

மறுபடியாருக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. "சரி, முடிவு என்ன?"

"ஒரு பஸ் போகுதாம். அதோட முடிஞ்சுதாம். பஸ்ல யாருன்னு கேட்டா, சொன்னா சுவாரசியம் போயிடும்ங்கறா."

மூன்றாம் நாள் காலை எட்டுமாடிக் கட்டடம் ஒன்றில் வேலை இருந்தது. பாதியில் மறுபடியார் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க முடிச்சிடுங்க. எல்லாக் கதவையும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சாவியை வயர்மேனிடம் நீட்டினார். இருபத்தாறு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. வயர்மேன், "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இந்த முறை ஓரத்து இருக்கை. படம் தொடங்கியது. முதல் நாள் அந்த ஆளையே பார்த்திருந்ததால் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் பட்டது. அவர் உள்ளே போய்ப் போய் வரும் நேரமெல்லாம் கேட் அருகே ஒரு பெண் நின்றாள். இரண்டு கையிலும் இரண்டு பை. பையைக் கீழே வைக்கலாமா, இப்போது வந்துவிடுவாரா என்ற யோசனையிலேயே நின்றாள். வெயில் அவள் முகத்தில் ஏறிக்கொண்டே போனது. அரங்கு சிரித்தது. மறுபடியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த வாளி வந்தது. திரையில் லிஃப்ட் பள்ளத்தின் இருட்டு மட்டும் தெரிந்தது. வாளி விழும் சத்தம், அதன் பின்னாலேயே தண்ணீர் விழும் சத்தம். அரங்கில் ஒருவரும் அசையவில்லை. சிரித்தவர்கள் எல்லாம் இப்போது அந்த ஆளின் பக்கம் வந்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் மனைவியைத் தவிர அவர் யாரிடமும் சொல்லாத சங்கதி அது.

கடைசியில், அந்த ஆள் ஐந்தாவது முறையாக உள்ளே போனபோது பேருந்து ஒன்று வந்து நின்றது. அந்தப் பெண் பைகளைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், ஏறிவிட்டாள். பேருந்து போய்க்கொண்டே இருந்தது. விளக்கு எரிந்தது. அவர் முழங்காலைத் தாண்டி ஆட்கள் போனார்கள்.

நேராகப் பல் மருத்துவமனைக்கு நடந்தார். மனைவி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நிழல் தட்டியதும் தலை நிமிராமலே, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கன்னம் வீங்கிய ஒருவர், இன்னொரு பக்கம் வாயில் பஞ்சோடு ஒருவர். ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு வந்து, அவரைப் பின்பக்கம் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள்.

"வாளியை ஏன் சொன்னே?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ல. நீங்க என்கிட்ட சொல்லி இறக்கி வெச்சிட்டீங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அவர் ஒரு பெட்டியின் மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "அந்த பஸ்ஸு? அது அந்தப் பொண்ணா சேர்த்ததுதானே?"

மனைவி இல்லை என்று தலையசைத்தாள். அவர் கை பெட்டியிலேயே நின்றுவிட்டது.

"உங்க தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினோமே, ஞாபகம் இருக்கா? நீங்க அஞ்சாவது தடவை உள்ள போனீங்க. எதிர்த் திசையில போற பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்."

ஞாபகம் வந்தது. மனைவி முன்னால் போய்விட்டாள் என்று நினைத்து அவர் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போன நாள். அவள் ஒரு மணி நேரம் கழித்து அங்கே வந்து, பேருந்து கிடைக்கவில்லை என்றாள். அவரும் நம்பினார்.

"எதுவரைக்கும் போனே?"

"நாலு ஸ்டாப். கோபம் அதுவரைக்கும்தான் தாங்குச்சு."

வெளியே கன்னம் வீங்கியவர், "அம்மா, என்னைக் கூப்பிட்டாங்களா?" என்று குரல் கொடுத்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றும் மறுநாளும் மறுபடியார் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் அவள் மேலா, மாடிப் பெண் மேலா, தன் மேலேயா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் தெருத்தெருவாக நடந்தார். நாலாவது நிறுத்தம் வரைக்கும் ஒருநாள் நடந்தே போய்ப் பார்த்தார். ஒரு சலவைக் கடை, ஒரு சைக்கிள் கடை, நிழலில்லாத ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை.

விழாவின் கடைசி நாள் மாடிப் பெண் வீட்டுக்கு வந்தாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணா, என்மேல கோபமா?" என்று கேட்டுவிட்டதில் அடுக்கு கலைந்தது.

"நான் பூட்டை இழுக்கறது இடது கையால. உங்க ஆள் வலது கையால இழுக்கறார்" என்றார்.

"கவனிச்சிருக்கணும் அண்ணா. தப்புதான்."

"கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதனாலதான் கேட்கலை. அதுவும் தப்புதான்."

பிறகு அவர், "அந்தப் பொம்பளை ஏன் திரும்பி வரலை?" என்று கேட்டார்.

"அக்கா வந்தாங்க. படத்துல வந்தா யாரும் நம்ப மாட்டாங்க அண்ணா."

மறுபடியார் மனைவியைப் பார்த்தார். அவள் தட்டை எடுக்கும் சாக்கில் உள்ளே போனாள். அவர் பின்னாலேயே போய், தண்ணீர்ச் சொம்பை வாங்கிக்கொண்டார். அவர்கள் சமாதானம் ஆனது அவ்வளவுதான்.

இதனால் அவர் குணமாகிவிடவில்லை. இப்போதும் முன்கதவு மூன்று இழுப்பு வாங்குகிறது. ஆனால் மனைவி கேட்டில் நிற்பதில்லை. "நான் போறேன், நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு, பைகளில் ஒன்றை அவருக்கு விட்டுவிட்டு நடக்கிறாள். அவர்தான் வேர்க்க விறுவிறுக்கப் பின்னால் ஓடிவருகிறார். ஓடிவர வேண்டியிருப்பதால் உள்ளே திரும்பிப் போவது ஐந்து தடவையிலிருந்து மூன்றாகியிருக்கிறது.

விழா ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. இருவரும் எல்லாப் படங்களுக்கும் போகிறார்கள். அவருக்கு ஓரத்து இருக்கை. ஒவ்வொரு படத்திலும் இரண்டு முறையாவது எழுந்து வெளியே போவார். கழுத்தில் அட்டை தொங்கும் அந்தப் பெண்ணுக்கு இப்போது அவரைத் தெரியும். அவர் இருக்கையில் ஒரு காகிதத்தை வைத்து இடம் பிடித்துக் கொடுக்கிறாள். விட்டுப்போன பகுதியை வீட்டுக்கு நடக்கும்போது மனைவி சொல்லிக்கொண்டு வருவாள்.

போன வருடம் ஒரு படத்தில், அவர் வெளியே போயிருந்த நேரத்தில் கதையில் வரும் மூத்த மகள் செத்துப்போனதாக அவள் சொன்னாள். மறுபடியாருக்கு மனசே ஆறவில்லை. விழாப் புத்தகத்தில் கதைச் சுருக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அப்படி ஒரு சாவே இல்லை.

"உயிரோட இருக்கறவளை எதுக்குச் சாகடிச்சே?"

"அந்த இடத்துல படம் ரொம்ப இழுத்துச்சுங்க" என்றாள் அவள்.