மாடிக்கு விட்ட கம்பிகள்

புதிதாகப் போட்ட காங்கிரீட்டின்மேல் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீருக்குச் சுண்ணாம்பும் முதல் மழையும் கலந்தாற்போல ஒரு வாசம் உண்டு. கோச்சடையில் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துத் 'தார்சு' என்கிற காங்கிரீட் கூரை போட்ட அந்தக் கோடை விடுமுறை முழுக்க, குடத்தோடு ஏணியேறிய அம்மாவின் பின்னாலேயே ஏறி, அந்தத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அதுவரை தலைக்குமேல் நாட்டு ஓடு. அணில் ஓடினாலும் நகர்ந்துவிடும். ஐப்பசிக்கு முன் ஆள் விட்டு உடைந்ததை மாற்றாவிட்டால், வீட்டுச் சட்டியெல்லாம் ஒழுகலுக்கு ஏந்தப் போய்விடும். அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. "ஓலை மூணு வருசம். ஓடு, பாத்துக்கிட்டா ஒரு ஆயுசு. தார்சு காலத்துக்கும் கெடக்கும் தாயி" என்பார். பிரித்த ஓடுகளைப் பக்கத்து வீட்டு மாமா ஆட்டுக்கொட்டத்துக்குக் கேட்டபோது, சனியன் விட்டது என்று அப்பா அள்ளிக் கொடுத்தார்.

ஒவ்வொரு தூணின் உச்சியிலும் நாலு கம்பியை இடுப்பளவுக்கு நறுக்காமல் விடச் சொன்னார். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பின்னால் மாடி எடுக்க உதவும். "மாடி ஒனக்குத்தேன். கட்டிக் குடுத்தாலும் நீ இங்கனதான் இருக்கணும்" என்றார். நான் ஒரே பிள்ளை. அந்தக் கம்பிகளுக்கு நடுவே நின்று எனக்கு எங்கே சன்னல் வேண்டும் என்றுகூடச் சொல்லிவைத்தேன்.

படித்தேன், வேலைக்கு ஓசூர் போனேன், அங்கேயே வீடும் வாங்கினேன். அம்மா போன பிறகு அப்பா போனில் மாடிப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "பாப்போம்ப்பா" என்று மட்டும் சொல்வேன். மனசு நோகக் கூடாதென்று சொன்ன பொய் அது.

ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது உள்கூரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. கொத்தனார் என் முன்னாலேயே சொன்னார்: "மேல நீட்டிக்கிட்டிருக்க கம்பி வழியாத்தேன் தண்ணி எறங்குதுண்ணே. அறுத்துப் பூசிருவோம்."

"அறுத்துட்டா பெறகு எப்படி மாடி எடுக்க? பாப்போம்னுருக்காள்ல எம்மக" என்றார் அப்பா. மறுநாள் அவர் காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி வந்து, கம்பிகளின் தலையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்.

அப்பாவும் இப்போது இல்லை. குடியிருக்க லாயக்கில்லாத வீட்டைப் போன வாரம் இடிக்கத் தொடங்கினோம். முப்பது வருசம்கூட நிற்கவில்லை அந்தத் தார்சு. நடுவில் மழை பிடித்துக்கொள்ள, வேலையாட்களோடு நானும் பக்கத்து ஆட்டுக்கொட்டத்துக்கு ஓடினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. "ஒங்கப்பன் குடுத்த ஓடுதேன். வருசந்தவறாம ஒடஞ்சத மாத்திப் போட்டுர்றேன்" என்றார் மாமா.

அங்கிருந்து பார்த்தேன். தார்சு போய்விட்டது, தூண்கள் மட்டும் நின்றன; ஒரு கம்பியின் தலையில் அப்பா கவிழ்த்த பாட்டில் இன்னும் இருந்தது. வர மாட்டேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் கம்பியை அறுத்திருப்பார்.